திறனும் காலமும்: திரையிசைத் தலைமுறை வழக்கும் அரங்கேற்று காதை தரும் அளவுகோல்களும்

முன்னுரை

இசை குறித்துத் தலைமுறைகளுக்கு இடையே நிகழும் வழக்கு எல்லா ஊர்களிலும் உண்டு. பெங்களூருவில் அது இருவேறு பெயர்ப் பட்டியல்களுடன் நிகழ்கிறது. அரண்மனை மைதானத்தில் 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும், 2007-இல் அயர்ன் மெய்டன் குழுவினரும், 2011-இல் மெட்டாலிகா குழுவினரும் நிகழ்த்திய கச்சேரிகளை இந்நகரத்து ராக் இசை ரசிகர்கள் இன்றும் ஆண்டு பிறழாமல் நினைவுகூர்வர். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் இந்நகரில் பாடியபோது அவர்களுடைய பிள்ளைகள் திரண்டனர். "நாங்கள் கேட்டது இசை, நீங்கள் கேட்பது விற்பனைச் சரக்கு" என்பது மூத்தோர் வாதம். "நீங்கள் கேட்பது உங்கள் இளமையை, இசை என்பது அதற்கு ஒரு சாக்கு" என்பது இளையோர் விடை.

இவ்வழக்கே அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எம்.எஸ். விசுவநாதன், இளையராஜா, ஏ.ஆர். ரகுமான், அனிருத் என்னும் பெயர்களோடு நிகழ்கிறது. பாட்டனார் ஒருவரை, தந்தையார் ஒருவரை, பிள்ளை ஒருவரைத் தம் கட்சியாகக் கொள்கின்றனர். மூவரும் ஒரே சொல்லைத்தான் ஆயுதமாகக் கொள்கின்றனர். 'திறமை' என்பது அச்சொல். யாருக்குத் திறமை மிகுதி என்னும் வினா விடையின்றியே அடுத்த நாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

இவ்வழக்கு தீராமைக்குக் காரணம், வெவ்வேறு தொழில்களை ஒரே சொல்லால் அளக்க முற்படுவதே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய அளவுகோலைத் தனித்தனியே வகுத்துரைக்கும் மரபு தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்குச் சான்று. அக்காதை தரும் அளவுகோல்களைக் கொண்டு இன்றைய திரையிசை வழக்கை அணுக இயலுமா, இயலுமெனின் அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கின் பழமை

பழமையா புதுமையா என்னும் வழக்கு இன்று தோன்றியதன்று. காளிதாசர் தம் மாளவிகாக்கினிமித்திர நாடக முன்னுரையில், புகழ்பெற்ற முன்னோர் நாடகங்கள் இருக்க இப்புதியவரின் நாடகம் எதற்கு என்னும் வினாவைத் தாமே எழுப்பி, பழையது என்பதாலேயே ஒன்று நன்றாகிவிடாது என விடையும் தருகிறார். பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் குற்றமாகா. அவை காலத்தின் இயல்பு என நன்னூலார் இலக்கண நெறியிலேயே இதற்கு இடம் தந்தார்.

இவ்விருவரினும் நுட்பமாக இச்சிக்கலை நோக்கியவர் உமாபதி சிவாசாரியார். சிவப்பிரகாசத்தின் அவையடக்கச் செய்யுளில் பழமையும் புதுமையும் தம்மளவில் நன்மையோ தீமையோ ஆகா எனக் கூறும் அவர், அத்துடன் நின்றுவிடவில்லை. மதிப்பிடுவோரையும் மூவகையாகப் பகுக்கிறார். மணியின்மேல் படிந்த அழுக்கைப் பொருட்படுத்தாமல் மணியைக் காண்பவர் முதல் வகையினர். பழமையையும் அழகையும் ஆராய்ந்து ஏற்பவர் இடைப்பட்டோர். பலர் புகழ்ந்தால் தாமும் புகழ்ந்து, பிறர் இகழ்ந்தால் தாமும் இகழ்ந்து, தமக்கென ஒரு கருத்தும் இல்லாதவர் மூன்றாம் வகையினர். இணையத்தில் ஒரு பாடலை எத்தனை கோடிப் பேர் பார்த்தனர் என்னும் எண்ணிக்கையைத் திறனுக்குச் சான்றாகக் காட்டும் இளையோரும், "அந்தக் காலத்துப் பாட்டுக்கு ஈடாகுமா" என்று கேட்டதைத் திருப்பிச் சொல்லும் மூத்தோரும் இம்மூன்றாம் வகையில் ஒருசேர இடம்பெறுவது நோக்கத்தக்கது.

இன்று செவ்வியல் எனப் போற்றப்படுவன யாவும் ஒரு காலத்தில் புதுமை என்று தூற்றப்பட்டனவே. 1965-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கித்தாருடன் மேடையேறியபோது அவையில் ஒரு சாரார் கூச்சலிட்டு எதிர்த்தனர். அதே பாப் டிலனுக்கு 2016-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தமிழ்த் திரையிசையிலும் இந்நிலையைக் காணலாம். பாபநாசம் சிவன், ஜி. இராமநாதன் ஆகியோர் வளர்த்த கருநாடக இசைச் சார்புடைய பாடல்களில் தோய்ந்த செவிகளுக்கு விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையரின் 'மெல்லிசை' மாறுபட்ட ஒன்றாகவே ஒலித்திருக்கும். அப்பெயரே ஒரு விலகலைச் சுட்டுகிறது. 1976-இல் அன்னக்கிளியும் 1992-இல் ரோஜாவும் வந்தபோது இவ்விலகல் மீண்டும் நிகழ்ந்தது.

இக்கட்டுரையாளர் ரோஜா வெளிவந்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர். "இயந்திர ஓசைதான் கேட்கிறது, சொல் ஒன்றும் விளங்கவில்லை" என்று வீட்டுப் பெரியோர் ரகுமானைக் குறித்துக் கூறியதைக் கேட்டு வளர்ந்தவர். அதே வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாறாமல், அனிருத்தைக் குறித்து மாணவர்முன் தாமே கூறக் கேட்டபோதுதான் இவ்வாய்வுக்கான ஐயம் தோன்றியது என்பதை இங்கு ஒளிக்க வேண்டியதில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. நேற்றைய புதுமை இன்று செவ்வியலாயிற்று என்பதால் இன்றைய புதுமை அனைத்தும் நாளைய செவ்வியலாகும் என்று முடிவு செய்தல் பொருந்தாது. தூற்றப்பட்டவை எல்லாம் நின்றுவிடவில்லை. வரலாறு இளையோருக்குத் தருவது விசாரணைக்கான உரிமை மட்டுமே. அது வெற்றிச் சான்றிதழ் ஆகாது.

நினைவு என்னும் சல்லடை

மூத்தோர் வாதத்தில் பொதிந்துள்ள ஒரு பிழையை முதலில் களைய வேண்டும். அவர்கள் ஒப்பிடுவது ஐம்பது ஆண்டுகளில் நின்று நிலைத்த பாடல்களை. ஒப்பிடப்படுவதோ இவ்வாரம் வெளியான பாடல்கள் அனைத்தும். 1960-களில் வெளியான படங்கள் ஒவ்வொன்றிலும் பல பாடல்கள் இருந்தன. அவற்றுள் இன்று பாடப்படுபவை ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை காலச் சல்லடையின் துளைகள் வழியே விழுந்துவிட்டன. விழுந்தவற்றை மறந்துவிட்டு நின்றவற்றை மட்டும் வைத்து ஒரு காலத்தை அளப்பது, நெல்லைத் தூற்றியபின் எஞ்சிய மணியையும் களத்தில் அப்போதுதான் அடித்த கதிரையும் ஒரே தட்டில் நிறுப்பதை ஒக்கும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வுண்மை புதிதன்று. சிலம்பின் உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார், தம் காலத்திற்கு முன்பே மறைந்துபோன இசை, நாடக நூல்களின் பெயர்களைத் தம் உரைப்பாயிரத்தில் குறிப்பிடுகிறார். பெருநாரை, பெருங்குருகு என்னும் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன, நூல்கள் கிடைக்கவில்லை. அவை சிறந்தனவா அல்லவா என நம்மால் கூற இயலாது. நிலைபேறு தரத்திற்கு ஓரளவு சான்றாகலாம். மறைவு தரமின்மைக்குச் சான்றாகாது. உ.வே. சாமிநாதையர் 1892-இல் அடியார்க்குநல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிடில், இக்கட்டுரை கையாளும் அளவுகோல்களே நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிட்டியிரா.

இளையோர் வாதத்திலும் இதற்கு இணையான பிழை உண்டு. தாம் கேளாததை இல்லாதது எனக் கருதுவது அது. பழைய பாடல்கள் மெதுவாகச் செல்வன, சலிப்பூட்டுவன என்று ஒதுக்கும் மாணவர் பலர் அவற்றை முழுமையாகக் கேட்டதில்லை. முப்பது நொடித் துணுக்காகவே கேட்டுள்ளனர். ஒரு பாடலின் சரணம் வரை செல்லாத செவி அதன் பல்லவியைக் குறித்தும் தீர்ப்புக் கூற இயலாது.

அரங்கேற்று காதை தரும் அளவுகோல்கள்

ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மாதவி அரங்கேறுகிறாள். அவளது ஆடலைக் கூறுவதற்கு முன்பாக இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதியை ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறார். கதைப்போக்கிற்கு இத்துணை விரிவு வேண்டுமா என்று வினவுவோர் உண்டு. ஆனால் திறனாய்வு நோக்கில் இப்பகுதியே காதையின் உயிர்நிலை எனலாம். 'இவர்கள் திறமையானவர்கள்' என்னும் ஒற்றை வாக்கியத்தில் அடிகள் இதனை முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் வெவ்வேறு இலக்கணம் உண்டு என்பதை நிறுவியபின்னரே அரங்கைத் திறக்கிறார்.

இவ்விலக்கணங்களுள் மூன்று கூறுகள் நம் பொருளுக்கு நேரடியாகப் பயன்படுவன. முதலாவதாக, இசையாசிரியன் யாழ், குழல், தாளம், மிடறு, தண்ணுமை ஆகியவற்றை ஆடலோடு இயைக்க வல்லவனாக மட்டுமன்றிக் கவிஞனின் குறிப்பை உணர்ந்தவனாகவும், தேசிகத்தின் ஓசையைக் கடைப்பிடிப்பவனாகவும் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, பாடல் புனையும் புலவன் தமிழை முழுதறிந்தவனாக இருப்பதோடு, வேந்தர்க்குரிய வேத்தியல், மக்கள் அனைவர்க்குமுரிய பொதுவியல் ஆகிய இரண்டையும் அறிந்து, இசையோன் கருதியதை உணர்ந்து பாட்டில் அமைக்க வேண்டும். மூன்றாவதாக, தண்ணுமை முதல்வன் யாழையும் குழலையும் மிடற்றையும் செவிமடுத்துக் குறைந்த இடத்தை நிரப்பவும் மிகுந்த இடத்தை அடக்கவும் தெரிந்தவனாக, அவற்றுக்குமேல் தன் கருவி மிகாதவாறு வாசிக்க வேண்டும்.

இம்மூன்றையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அடிகள் கூறும் தகுதிகள் பெரும்பாலும் பிறரோடு இயையும் தகுதிகள். இசையாசிரியன் கவிஞனை அறிய வேண்டும். கவிஞன் இசையாசிரியனை அறிய வேண்டும். தண்ணுமையோன் எல்லோரையும் கேட்க வேண்டும். ஆடல் தொடங்கும்போதும் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் நின்று இசைக்கின்றன. தனியொருவரின் 'மேதைமை' என்பதை அக்காதை தேடவில்லை. இன்றைய வழக்கோ ஒரு பாடலுக்கு உழைத்த இருபது பேரை மறைத்து, இசையமைப்பாளர் ஒருவர் பெயரை மட்டும் நிறுத்தி, அவரை இன்னொருவரோடு மோதவிடுகிறது.

அரங்கும் ஒலிப்பதிவுக் கூடமும்

"கணினி பாடுகிறது, இதில் மனிதத் திறன் எங்கே" என்பது மூத்தோரின் அடுத்த வாதம். இவ்விடத்தும் அரங்கேற்று காதை வழிகாட்டுகிறது. கலைஞரின் இலக்கணத்தைக் கூறிய அடிகள் அரங்கின் இலக்கணத்தையும் கூறுகிறார். இருபத்து நான்கு விரல் அளவுள்ள கோலால் அளந்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அரங்கு அமைகிறது. மேலே வைத்த பலகைக்கும் கீழ்த்தளத்திற்கும் இடையே 4 கோல். தூணின் நிழல் அவையில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்படுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் தொங்குகின்றன. நிழல் விழாத விளக்கு அக்காலத்துத் தொழில்நுட்பம். அதனைக் கலைக்குப் புறம்பானதாக அடிகள் கருதவில்லை. அரங்கேற்றத்தின் உறுப்பாகவே வைத்தார்.

இந்நோக்கில் ஒலிப்பதிவுக் கூடத்தை இக்காலத்தின் அரங்கு எனக் கொள்ளலாம். விசுவநாதன் காலத்திலும் இளையராஜாவின் தொடக்கக் காலத்திலும் வாத்தியக் குழுவினரும் பாடகரும் ஒருசேரக் கூடி இசைக்க, பாடல் பதிவு செய்யப்பட்டது. ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். இவ்வரங்கு வேண்டிய திறன் ஒருவகை: முன்கூட்டியே முழுப் பாடலையும் மனத்தில் கேட்டு, ஒவ்வொரு கருவிக்கும் உரியதை இசைக்குறியீட்டில் எழுதித் தருதல். ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்த இளையராஜாவின் ஆற்றல் இவ்வரங்கில் வெளிப்பட்டது. 2025 மார்ச்சில் இலண்டனில் அரங்கேறிய அவரது சிம்பொனியும் இவ்வெழுத்துப் பயிற்சியின் நீட்சியே.

ரகுமான் தம் இல்லத்திலேயே அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம் வேறோர் அரங்கு. அங்குக் கருவிகளும் குரல்களும் தனித்தனியே பதிவாகி அடுக்கடுக்காக இணைக்கப்படுகின்றன. முன்கூட்டி எழுதுதலைவிட, பதிவானவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தேர்ந்து நீக்கும் செவி இவ்வரங்குக்கு இன்றியமையாதது. குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் 1997-இல் அறிமுகமானபின் பாடகரின் பணியும் மாறியது. ஒரு பாடலை ஒரே மூச்சில் பிழையின்றிப் பாடும் ஆற்றலுக்கு இருந்த கட்டாயம் தளர்ந்தது. குரலின் தனித்தன்மைக்கும் பாவத்திற்கும் முதன்மை கிடைத்தது. அனிருத்தின் தலைமுறை மடிக்கணினியையே அரங்காகக் கொண்டு வளர்ந்தது.

ஆகவே 'அனிருத்தால் இளையராஜாவைப் போல் இசைக்குறியீடு எழுத இயலுமா' என்னும் வினாவும், 'இளையராஜாவால் இன்றைய ஒலியை வடிவமைக்க இயலுமா' என்னும் வினாவும் ஓர் அரங்கின் கோலைக்கொண்டு மற்றோர் அரங்கை அளப்பன. இழப்பு ஏதும் இல்லை என்று இதனால் கூறிவிட இயலாது. ஒருவர்க்கொருவர் செவிகொடுத்து ஒரே நேரத்தில் வாசிக்கும் கலைஞர் கூட்டம் சுருங்கியது உண்மையான இழப்பு. அவ்விழப்பை ஓர் இளைஞரின் திறமைக் குறைவாகக் காட்டுவதே பிழை. தொழில்முறையின் மாற்றத்திற்குத் தனிமனிதர் பொறுப்பாக்கப்படுகிறார்.

தண்ணுமையின் அறம்

மேற்கூறியவற்றால் இன்றைய இசை அனைத்திற்கும் வக்காலத்து வாங்குவது இக்கட்டுரையின் நோக்கம் எனக் கருதலாகாது. அரங்கேற்று காதையின் அளவுகோல் இருபுறமும் வெட்டும் வாள். தண்ணுமை மற்றவற்றை மீறலாகாது என்னும் விதியை இன்றைய பாடல்கள் பலவற்றிற்குப் பொருத்தின், அவை தேறுவது அரிது. தாள ஒலி குரலை விழுங்குகிறது. குரல் சொல்லை விழுங்குகிறது. "சொல் விளங்கவில்லை" என்னும் மூத்தோர் குறைபாடு வெறும் முதுமையின் புலம்பலாகாது. பாட்டெழுதியவனின் குறிப்பை இசையாசிரியன் உணர வேண்டும் என்னும் விதியின் மீறலை அவர்கள் செவி சரியாகவே கண்டுகொள்கிறது. ஆனால் இவ்விதியை ரகுமானின் பாடல்களுக்கும், இளையராஜாவின் ஆயிரம் படங்களுள் அவசரத்தில் பிறந்தவற்றிற்கும், ஏன், மெல்லிசைக் காலத்தின் ஆரவாரப் பாடல்களுக்கும் அதே கண்டிப்போடு பொருத்த வேண்டும். அவ்வாறு பொருத்தின் தேறுபவையும் தேறாதவையும் எல்லாக் காலத்திலும் இருப்பதை உணரலாம்.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. 'இரைச்சல்' என்னும் வசை எப்போதும் ஒலியளவை மட்டும் குறிப்பதில்லை. பறையும் தப்பட்டையும் கானாவும் திரைப்பாடலின் நடுவிடத்திற்கு வந்தபோதெல்லாம் அவ்வசை எழுந்துள்ளது. வீணையின் மிகையை நுணுக்கம் என்றும் பறையின் மிகையை இரைச்சல் என்றும் கூறும் செவி, இசையை மட்டும் கேட்கவில்லை. இசைப்போரின் சாதியையும் தெருவையும் சேர்த்தே கேட்கிறது. புலவன் வேத்தியலோடு பொதுவியலையும் அறிந்திருக்க வேண்டும் என அடிகள் விதித்தது, திறனாய்வாளர்க்கும் விதித்ததாகவே கொள்ளத்தக்கது. தாளத்தை முதன்மையாகக் கொண்ட இசைக்கு அதற்குரிய இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்திற்குள் மிகுந்ததா குறைந்ததா என்பதே வினாவாக வேண்டும்.

2011 நவம்பரில் வெளியான 'கொலவெறி' பாடலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தனுஷ் எழுதிப் பாடிய அப்பாடலுக்கு இசையமைத்தபோது அனிருத்தின் வயது 21. தமிழும் ஆங்கிலமும் கலந்த அதன் மொழி கடுமையான கண்டனத்திற்கு உள்ளாயிற்று. தமிழை முழுதறிந்த புலவன் என்னும் அளவுகோலில் அப்பாடல் தேறாது. அதற்கு அவ்வெண்ணமும் இல்லை. ஆனால் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஓர் இளைஞனின் பேச்சோசையைத் தாளத்தோடு பொருத்தியதில், தேசிகத்தின் ஓசையைக் கடைப்பிடித்தல் என்னும் விதியை அது நிறைவேற்றுகிறது. அதன் மெட்டு எளியது. தாளம் குரலை மீறவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. 'நல்ல பாட்டா, கெட்ட பாட்டா' என்னும் ஒற்றை வினா இத்தனை விடைகளைத் தந்திராது. ஒரு பாடலை ஒரு கூற்றில் பாராட்டி மறு கூற்றில் மறுக்கும் உரிமையைத் தருவதே பன்மை அளவுகோலின் பயன்.

கலைஞரின் நெறியும் கேட்போரின் வழக்கும்

கேட்போர் கட்சி பிரிந்து வழக்காட, கலைஞரோ கைமாறிக் கொடுத்துவந்துள்ளனர். விசுவநாதன்–இராமமூர்த்தி குழுவில் உதவியாளராக இருந்த ஜி.கே. வெங்கடேஷ், இராஜ்குமார் நடித்த 'பங்காரத மனுஷ்ய' (1972) முதலிய படங்களால் கன்னடத் திரையிசையில் நிலையான இடம் பெற்றார். அவரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர் இளையராஜா. தமிழின் மாபெரும் இசைத்தொடர் ஒன்றில் கன்னட இசையுலகம் ஓர் இணைப்புக் கண்ணியாக அமைந்தது பெங்களூருத் தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்கது. இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்தவர் ரகுமான். 'மெல்லத் திறந்தது கதவு' (1986) படத்திற்கு விசுவநாதனும் இளையராஜாவும் இணைந்து இசையமைத்தனர். ரகுமான் தம் இசையில் 'சங்கமம்' (1999), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஆகிய படங்களில் விசுவநாதனைப் பாடவைத்தார். 'ஐ' (2015) படத்தில் ரகுமான் இசையில் அனிருத் பாடினார். மூத்தவர் குரலில் தமக்குத் தேவையானதை இளையவரும், இளையவர் குரலில் தமக்குத் தேவையானதை மூத்தவரும் கண்டுள்ளனர். இது தொழில் அறிந்தோரின் மதிப்பீடு. 'திறமை யாருக்கு மிகுதி' என்று அவர்கள் வினவவில்லை. 'இவ்விடத்திற்கு எக்குரல் பொருந்தும்' என்றே வினவினர்.

பெங்களூரு வகுப்பறையில்

இவ்வாய்வு ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதற்குப் பெங்களூருச் சூழல் காரணமாகிறது. இந்நகரத்துக் கல்லூரியில் மொழிப்பாடமாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்; பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்றவர். தமிழ் எழுத்தைத் தடுமாறியே படிப்பவர். அவர்கள் முழுமையாக அறிந்து, பிழையின்றி ஒப்பிக்கக்கூடிய தமிழ்ப் பனுவல் பெரும்பாலும் திரைப்பாடல் ஒன்றே. அப்பாடலை ஆசிரியர் முதல் நாளிலேயே குப்பை என்று ஒதுக்குவாராயின், அம்மாணவர் தமிழுக்குள் வருவதற்கு இருந்த ஒரே வாயிலும் அடைபடுகிறது.

அரங்கேற்று காதையை நடத்தியபின், மாணவர் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஒரு பாடலைக் கொணர்ந்து, அக்காதையின் அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும் என இக்கட்டுரையாளர் ஒருமுறை பணித்தார். ஒரு மாணவர் அனிருத்தின் பாடலைக் கொணர்ந்தார். அதனைப் போற்றி உரைப்பார் என்று எதிர்பார்த்த வகுப்பின்முன், "பல்லவியில் தண்ணுமை சரியாக நிற்கிறது ஐயா, சரணத்தில் மீறிவிட்டது, கவிஞர் சொன்னது கேட்கவில்லை" என்றார். தம் பாட்டனார் விரும்பும் பழைய பாடல் ஒன்றையும் உடன் கொணர்ந்திருந்தார். அதில் குரல் தெளிவாக இருப்பினும் குழலுக்கு வேலையே இல்லை என்பது அவரது முடிவு. அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தபோது தண்ணுமை, மிடறு, ஆக்கல், அடக்கல் என்னும் சொற்கள் அனைத்தும் கன்னட எழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

அக்குறிப்பேடு இக்கட்டுரையாளர்க்கு ஒன்றை உணர்த்தியது. தலைமுறை வழக்கில் அம்மாணவரின் பாடலைத் தோற்கடிப்பது எளிது. தோற்கடித்திருப்பின், தம் விருப்பப் பாடலைத் தாமே மறுத்துரைக்கும் திறனாய்வுச் செவி அவரிடம் உருவாகியிராது. ஆசிரியர் தம் பணியெனக் கொள்ள வேண்டியது அச்செவியை உருவாக்குவதையே. அச்செவி வாய்க்கப்பெற்றவர் எழுத்தையும் தாமே தேடி வருவர். அம்மாணவர் அப்பருவத்தின் இறுதியில் தமிழ் எழுத்திலேயே தேர்வு எழுதினார்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். இசை குறித்த தலைமுறை வழக்கு பழமையானது. நன்னூலாரும் உமாபதி சிவாசாரியாரும் அதற்கு நடுவுநிலை நெறி காட்டியுள்ளனர். மூத்தோர் நினைவில் நின்றவற்றை மட்டும் ஒப்பிடுவதும், இளையோர் முழுமையாகக் கேளாது ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். 'திறமை' என்னும் ஒற்றைச் சொல் இசையமைப்பு, பாட்டு, மிடறு, தாளம், ஒலிவடிவம் ஆகிய பல தொழில்களை ஒன்றாகக் குழப்புகிறது. அரங்கேற்று காதை தொழில்தோறும் தனி அளவுகோலும், தொழில்களுக்கு இடையேயான இயைபு என்னும் பொது அளவுகோலும் தருகிறது. தொழில்நுட்பம் அரங்கின் உறுப்பு. அது திறனுக்குப் பகையாகாது. தண்ணுமை மற்றவற்றை மீறலாகாது என்னும் விதியால் இன்றைய இசையின் உண்மையான குறையைச் சுட்டவும் இயலும்.

விசுவநாதன் 2015-இல் மறைந்தார். அவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும் நம்மிடையே குறைந்துவருகிறது. அவர்கள் கேட்டதை எவ்வாறு கேட்டனர் என்பதை அவர்கள் உள்ளபோதே இளையோர் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு இருசாராரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரு பாடலையேனும் சரணம் முடியும்வரை கேட்க வேண்டியுள்ளது. திறனாய்வு அதன்பின்னரே தொடங்க இயலும்.